ஜெர்மன் ஃபிரிகேட்டைப் பார்த்ததும் அது எந்த வேலைக்கு என்று கண்டுபிடிப்பது எப்படி

முதலில் ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள்: கப்பலின் நீளத்தையும் எடையையும் வைத்து அதன் பலத்தைக் கணக்குப் போடுவது. மற்ற கடற்படைகளில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும், ஜெர்மனி ஃபிரிகேட் என்று அழைக்கும் போர்க்கப்பல்களில் சுத்தமாகச் செல்லாது. இப்போது பணியில் இருப்பவற்றில் மிகப் பெரியது எஃப்125 வகை. கிட்டத்தட்ட 150 மீட்டர் நீளம், 7,200 டன் எடை. ஆனால் ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்து வரும் கடலுக்கு ஒரே ஒரு கப்பலை அனுப்ப வேண்டும் என்றால் ஜெர்மனி அதை அனுப்பாது, அதைவிட ஆறேழு மீட்டர் குட்டையான, பணிக்கு வந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆன எஃப்124-ஐத்தான் அனுப்பும். 2024-ல் அப்படித்தான் நடந்தது. ஏன் அப்படி என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம், கொஞ்சம் கண் பழகினால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், "ஃபிரிகேட்" என்ற சொல்லை ரொம்ப நம்பாதீர்கள். ஜெர்மனியின் கடைசி டிஸ்ட்ராயர்களான (வழக்கமாக ஃபிரிகேட்டைவிடப் பெரிய போர்க்கப்பல்) லூட்யன்ஸ் வகைக் கப்பல்கள் 2003-க்குள் ஓய்வு பெற்றுவிட்டன, அவற்றில் மோல்டர்ஸ் என்ற கப்பல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கடற்படை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது, 134 மீட்டர்தான். அதற்குப் பிறகு ஜெர்மனி எந்தக் கப்பலையும் டிஸ்ட்ராயர் என்று அழைக்கவில்லை. அந்த டிஸ்ட்ராயர்களைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டு அதையும் ஃபிரிகேட் என்றே சொல்கிறார்கள். பெயர் எதையும் சொல்லாது என்றால் வேறு எது சொல்லும்? எண், உச்சி, முன்தளம், படகுகள். இந்த வரிசையிலேயே பார்ப்போம்.

பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்

கப்பலின் முன்பக்கத்தில் இரு புறமும் பெரிதாக ஓர் எண் இருக்கும், எஃப் என்ற எழுத்தும் மூன்று இலக்கமும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் கப்பல் வகைக்கும் எஃப் போட்ட ஓர் எண் உண்டு, தனிக் கப்பலுக்கும் எஃப் போட்ட ஓர் எண் உண்டு, இரண்டும் வேறு. எஃப்124 என்பது வகை. அந்த எண்ணை எந்தக் கப்பலின் மேலும் பார்க்க மாட்டீர்கள். எஃப்221 என்பது ஹெஸன் என்ற ஒரு கப்பல், எஃப்124 வகையைச் சேர்ந்தது.

இதை மனப்பாடம் செய்வது கஷ்டமே இல்லை, ஏனென்றால் எண்கள் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன. 215 முதல் 218 வரை எஃப்123 வகை: பிராண்டன்பூர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், பையர்ன், மெக்லன்பூர்க்-ஃபோர்பொம்மர்ன். 219 முதல் 221 வரை எஃப்124 வகை: சாக்சன், ஹாம்பூர்க், ஹெஸன். 222 முதல் 225 வரை எஃப்125 வகை: பாடன்-வூர்ட்டம்பெர்க், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன், சாக்சன்-ஆன்ஹால்ட், ரைன்லாந்து-ஃபால்ஸ். மொத்தம் பதினொன்று, எல்லாவற்றுக்கும் மாநிலங்களின் பெயர், எல்லாவற்றுக்கும் தாய்த் துறைமுகம் வட கடல் ஓரத்து வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். நகரத்தின் பெயர் வைத்திருந்து, அளவிலும் சிறிதாக இருந்தால் அது பெரும்பாலும் கே130 வகைக் கொர்வெட் என்ற சிறிய போர்க்கப்பல், ஃபிரிகேட் இல்லை. ஹாம்பூர்க் நகரம்தானே என்று கேட்காதீர்கள், அது நகரமும்தான் மாநிலமும்தான்.

எண் 207-க்கும் 214-க்கும் நடுவில் இருந்தால் படம் பழையது. அது எஃப்122 வகை, 1982 முதல் 1990 வரை வந்த எட்டுக் கப்பல்கள், கடைசியான லூபெக் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் ஒருமுறை விழுந்திருக்கிறேன். பழைய வகையிலும் ரைன்லாந்து-ஃபால்ஸ் என்று ஒரு கப்பல் இருந்தது, எண் 209. சோமாலியக் கடற்கொள்ளையர்களைப் பிடித்த காலத்துப் படம் ஒன்றைப் பார்த்து, ஆகா புதிய கப்பல் என்று நினைத்து, அதன் ஆயுதங்களைப் பற்றி நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். எண்ணை முதலில் பார்த்திருந்தால் அந்த மானக்கேடு இல்லை. இனிமேலும் இது நடக்கும், ஏனென்றால் கட்டப்பட்டுவரும் எஃப்126 வகையில் நீடர்சாக்சன், பிரேமன் என்ற பழைய பெயர்கள் திரும்ப வருகின்றன.

உச்சியில் என்ன சுற்றுகிறது

எண் தெரியாத தூரத்தில் கப்பல் இருந்தால் மேலே பாருங்கள்.

முன் கோபுரம் தடிமனாக, அதன் தலைப்பகுதியில் நாலு பக்கமும் தட்டையான முகங்கள் பதித்தாற்போல இருந்து, பின்னால் தனியாக ஒரு பெரிய கறுப்புப் பலகை சுற்றிக்கொண்டிருந்தால், அது எஃப்124. சந்தேகமே வேண்டாம். அந்தக் கறுப்புப் பலகை ஸ்மார்ட்-எல் ரேடார், சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில் பறக்கும் விமானத்தைக் காணக்கூடியது. முன் கோபுரத்தின் நாலு முகங்கள் அபார் என்ற இன்னொரு ரேடார், அது சுற்றாது, சுற்ற வேண்டிய தேவையும் இல்லை. ஒன்று தூரத்தில் வருவதை எச்சரிக்கிறது, மற்றொன்று பக்கத்தில் வருவதைத் துல்லியமாகப் பின்தொடர்ந்து ஏவுகணைக்கு வழிகாட்டுகிறது. இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். எஸ்எம்-2 மாதிரி வான் பாதுகாப்பு ஏவுகணை இலக்கை நெருங்கும் கடைசி நொடிகளில், கப்பலில் இருந்து அந்த இலக்கின் மேல் ரேடார் அலையைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும், அங்கிருந்து எதிரொலித்து வருவதைப் பிடித்துத்தான் ஏவுகணை போய் மோதும். பழைய முறைக் கப்பல்களில் இதற்கென்று இரண்டு மூன்று தனி ரேடார்கள் இருக்கும், ஒரு நேரத்தில் இரண்டு மூன்று இலக்குகளோடு கதை முடிந்துவிடும். அபார் பல இலக்குகளுக்கு ஒரே சமயத்தில் இதைச் செய்கிறது. பத்து ஏவுகணைகள் சேர்ந்து வந்தால் பிழைப்பதும் மூழ்குவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பெரிதாக எதுவும் சுற்றாமல், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கோபுரங்கள் தனித்தனியாக நின்று, நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் அது எஃப்125. ரேடார் முகங்களை இரண்டு கோபுரங்களுக்கும் பிரித்துப் பதித்திருக்கிறார்கள். முக்கியமான கருவிகளை எல்லாம் இரண்டு தீவுகளாகப் பிரித்து வைப்பது இதன் அடிப்படை யோசனை, ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் வேலை செய்ய வேண்டும் என்று.

இரண்டும் இல்லாமல், பழைய பாணியில் கம்பிச் சட்டம் போன்ற ஆன்டெனாக்களோடு இருந்தால் எஃப்123. ஆனால் இந்தக் குறிப்பை நீண்ட நாள் நம்ப முடியாது, ஏனென்றால் அந்த நாலு கப்பல்களையும் நவீனமாக்கும் ஒப்பந்தம் 2021-ல் ஸ்வீடனின் சாப் நிறுவனத்திடம் போயிருக்கிறது, ரேடார்களே மாறுகின்றன. படத்தின் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரிட்ஜுக்கு முன்னால் என்ன இருக்கிறது

கப்பலைச் செலுத்தும் அறைக்கும் முன்பக்கப் பீரங்கிக்கும் நடுவில் உள்ள இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம், கப்பலின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. ஏவுகணைகளை நேர் மேலே ஏவும் செங்குத்து ஏவுகுழிகள் அங்கே தளத்துக்கு அடியில் புதைந்திருக்கும். வெளியே தெரிவது வரிசையாகச் சதுர மூடிகள் மட்டும், கொஞ்சம் உயர்ந்த மேடை போல.

எஃப்124-ல் 32 குழிகள். வழக்கமான நிரப்பல் என்று சொல்லப்படுவது 24 எஸ்எம்-2, மீதி எட்டுக் குழிகளில் குழிக்கு நாலு வீதம் இஎஸ்எஸ்எம் என்ற சிறிய ஏவுகணை 32. எஸ்எம்-2 நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும், இஎஸ்எஸ்எம் சுமார் 50 கிலோமீட்டர். அதையும் தாண்டி வந்தால் ரேம் ஏவுகணை, பெட்டிக்கு 21 வீதம் இரண்டு பெட்டி, ஒன்று பிரிட்ஜுக்கு முன்னால், ஒன்று பின்னால் ஹெலிகாப்டர் கொட்டகையின் மேல். கடைசியாக 76 மில்லிமீட்டர் பீரங்கி. இப்படி அடுக்கடுக்காக இருப்பதால் இந்தக் கப்பல் தன்னை மட்டும் அல்ல, சுற்றி வரும் கப்பல்களையும் காக்கும். விமானம் தாங்கிக் கப்பல்களோடு ஜெர்மனி அனுப்பும் துணை பெரும்பாலும் இந்த வகைதான்: 2013-ல் ஹாம்பூர்க் அமெரிக்காவின் ஐசனோவர் குழுவோடும், 2018-ல் ஹெஸன் ட்ரூமன் குழுவோடும் போயின.

எஃப்123-ல் 16 குழிகள், சீ ஸ்பாரோ ஏவுகணைகள். அது தன்னைக் காத்துக்கொள்ள, அவ்வளவுதான்.

எஃப்125-ல் பூஜ்யம். ஆமாம், பூஜ்யம். 7,200 டன் கப்பல், செங்குத்து ஏவுகுழி ஒன்றுகூட இல்லை. வானில் வருவதற்கு எதிராக இரண்டு ரேம் பெட்டிகளும் துப்பாக்கிகளும்தான். படத்தில் முன்பக்கப் பீரங்கி மட்டும் பெரிதாகத் தெரியும், 127 மில்லிமீட்டர், மற்ற இரண்டு வகைகளின் 76-ஐவிடக் கனமானது, கரையில் உள்ள இலக்கைச் சுடுவதற்காக வைத்தது.

குழிகள் எங்கே இருக்கின்றன என்பதை மறக்காமல் இருக்க ஒரு சம்பவம் உதவும். 2018 ஜூனில் நார்வே கடலோரப் பகுதியில் பயிற்சியின்போது சாக்சன் கப்பலில் ஒரு எஸ்எம்-2 தீப்பற்றி, குழியை விட்டுக் கிளம்பாமல் அங்கேயே நின்று எரிந்தது. பிரிட்ஜுக்கு நேர் முன்னால். இரண்டு பேருக்கு லேசான காயம், தளமும் பிரிட்ஜின் முன்பக்கமும் கருகிப்போயின. அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தால் குழிகளின் இடம் மனதை விட்டுப் போகாது.

தண்ணீருக்குக் கீழே இருப்பதைப் படம் காட்டாது

எஃப்123-ஐப் பலர் பழைய கப்பல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், 1994 முதல் 1996 வரை பணிக்கு வந்தது, பார்க்கவும் கவர்ச்சி இல்லை. ஆனால் அதன் வேலை நீர்மூழ்கியைத் தேடுவது, அதற்கான உறுப்புகள் எல்லாம் கண்ணில் படாத இடத்தில். அடிவயிற்றில் சோனார், ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி. டார்பிடோக் குழாய்கள் பக்கவாட்டுக் கதவுகளுக்குப் பின்னால். பின்பக்கத்தில் கொட்டகைக் கதவு அகலமாக இருந்தால் இரண்டு ஹெலிகாப்டர்கள் என்று அர்த்தம், அவைதான் உண்மையான வேட்டைக்காரர்கள்: கொஞ்ச தூரம் பறந்து போய், கடலுக்கு மேல் அசையாமல் நின்று, கம்பியில் சோனாரை இறக்கிக் கேட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகும். நீர்மூழ்கிக்குக் கப்பலின் சத்தம் கேட்கும், ஹெலிகாப்டர் எங்கே அடுத்து இறக்கும் என்று தெரியாது. இதுவரை சீ லிங்க்ஸ், அதன் இடத்தில் இப்போது என்எச்90 வகையின் சீ டைகர் வருகிறது.

பனிப்போர் முடியும் தறுவாயில் வரையப்பட்ட கப்பல் இது, சோவியத் நீர்மூழ்கிகளை நினைத்து. எதிரி காணாமல் போன பிறகு பணிக்கு வந்து, இருபது வருடம் வேறு வேறு வேலைகள் பார்த்து, இப்போது திரும்பவும் அதே பழைய வேலைக்காகத் தேவைப்படுகிறது. அதனால்தான் முப்பது வயதுக் கப்பலுக்கு இவ்வளவு செலவு செய்து புது ரேடார் போடுகிறார்கள்.

எஃப்125-ல் நீர்மூழ்கி தேடும் சோனாரும் கிடையாது. இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது, எனக்கும் முதலில் வந்தது.

சரி, அப்படியானால் எஃப்125 எதற்கு

இதற்குப் படகுகளைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு வேகப் படகுகளுக்கான இடம். சிறப்புப் படையினர் ஐம்பது பேர் தங்க அறை. தண்ணீர் பீய்ச்சும் பீரங்கிகள்கூட உண்டு, நெருங்கி வரும் சின்னப் படகைச் சுடாமல் விரட்ட. ரிமோட்டில் இயங்கும் கனரகத் துப்பாக்கிகள் சுற்றிலும். இப்போது ஒப்பந்தம் போட்ட வருடத்தைக் கேளுங்கள்: 2007. லெபனான் கரையோரத்தில் ஆயுதக் கடத்தலைத் தடுக்க ஐநா கடல் படைப்பிரிவு 2006-ல் தொடங்கியிருந்தது, ஜெர்மனி அதில் முன்னணியில் இருந்தது. 2008-ல் சோமாலியக் கடற்கொள்ளைக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியத்தின் அடலான்டா நடவடிக்கை. பெரிய கடற்படை ஒன்று தங்களைத் தாக்கும் என்று பெர்லினில் அன்றைக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தூரத்துக் கடலில் மாதக்கணக்கில் நின்று காவல் காக்க ஒரு கப்பல் வேண்டும் என்று கேட்டார்கள், அதைத்தான் வாங்கினார்கள்.

ஆயுதத்தைவிட இந்தக் கப்பலில் சுவாரசியமானது ஆள் கணக்கு. எஃப்124-ல் இருநூறுக்கு மேல் மாலுமிகள், அதைவிடப் பெரிய இதில் சுமார் 120 பேர். கப்பல் இரண்டு வருடம் வரை வீடு திரும்பாமல் வெளியே இருக்கும்படி திட்டம். நாலு மாதத்துக்கு ஒருமுறை மாலுமிகள் மட்டும் விமானத்தில் போய் மாறிக்கொள்வார்கள், நாலு கப்பலுக்கு எட்டு அணி. ஒவ்வொரு முறையும் கப்பலையே ஐரோப்பாவுக்கு ஓட்டி வந்து திரும்ப ஓட்டிப் போவதில் வாரக்கணக்கில் நாள் வீணாகிறது, அதை மிச்சம் பிடிக்கும் யோசனை. எனவே இந்த வகையைப் பற்றிய செய்தியில் "அணி மாற்றம்" என்று வந்தால் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

கோளாறே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் கப்பலான பாடன்-வூர்ட்டம்பெர்க்கை 2017 டிசம்பரில் கடற்படை ஏற்றுக்கொள்ளாமல் கட்டியவர்களிடமே திருப்பி அனுப்பியது. எடை கூடுதல், வலப்பக்கம் லேசான சாய்வு, மென்பொருள் சிக்கல்கள் என்று பட்டியல். 2019 ஜூனில்தான் பணிக்கு வந்தது, நாலாவது கப்பல் 2022 ஜூலையில்.

இரண்டு செய்திகளை வைத்துப் பழகிப் பாருங்கள்

முதலாவது, 2024 பிப்ரவரி. செங்கடலில் ஏமனின் ஹூத்திகள் தாக்கும் சரக்குக் கப்பல்களைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் ஆஸ்பிடெஸ் நடவடிக்கையைத் தொடங்குகிறது, ஜெர்மனி அனுப்புவது ஹெஸன். எண் 221, எனவே எஃப்124, எனவே 32 குழியும் அபாரும். தேர்வு ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்த மாதக் கடைசியில் ஒரே மாலையில் இரண்டு ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தியது. அதற்கு முந்தைய நாள் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அடையாளம் சொல்லாமல் பறந்த ஒரு ட்ரோனை நோக்கி இரண்டு எஸ்எம்-2 ஏவப்பட்டது, அது அமெரிக்க ட்ரோன், இரண்டு ஏவுகணைகளும் கோளாறால் போய்ச் சேரவில்லை, அதனால்தான் அது தப்பியது. ரேடாரும் குழிகளும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எது நம் தரப்பினுடையது என்ற தகவல் கூட்டாளி நாட்டிடம் இருந்து வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, அதே வருடக் கடைசி. பாடன்-வூர்ட்டம்பெர்க் இந்தோ-பசிபிக் பயணம் முடித்து, கூடவே ஃப்ராங்க்ஃபுர்ட் அம் மைன் என்ற விநியோகக் கப்பலோடு வீடு திரும்புகிறது. செப்டம்பரில் தைவான் ஜலசந்தியைக் கடந்து சீனாவிடம் கண்டனம் வாங்கிய அதே கப்பல். செங்கடல், சூயஸ் வழியாக வந்திருந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிச்சம். ஆனால் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாக வந்தது. ஜெர்மன் பத்திரிகைகளில் இது அவமானம் என்ற தொனியில் நிறைய எழுதினார்கள், பயந்து ஓடுகிறது என்றெல்லாம். எண் 222, எஃப்125, பிரிட்ஜுக்கு முன்னால் குழி இல்லை, கூடவே ஆயுதம் குறைந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று. கொள்ளையர் படகை நினைத்து 2007-ல் வாங்கிய கப்பலை, கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் பறக்கும் செங்கடல் வாசலின் குறுகிய ஜலசந்தி வழியாக, காக்க வேண்டிய துணையோடு ஏன் ஓட்ட வேண்டும்? என் கணக்கில் அது சரியான முடிவு, தவறு இருந்தால் அது பதினேழு வருடம் முன்னால் ஆர்டர் படிவத்தில்.

இந்த இரண்டாவது செய்தியில் இன்னொரு பாடமும் இருக்கிறது, ஃபிரிகேட்டோடு கூட யார் போகிறார்கள் என்று எப்போதும் பாருங்கள். விநியோகக் கப்பல் கூட இருந்தால் பயணம் நீண்டது. தனியாகப் போனால் துறைமுகம் துறைமுகமாக நின்று நின்று போக வேண்டும், 2021 ஆகஸ்டில் கிளம்பி 2022 பிப்ரவரியில் திரும்பிய பையர்ன் அப்படித்தான் போனது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஜெர்மன் செய்தியில் ஃப்ரெகாட்டன்கபிட்டேன் என்று பார்த்தால் அது கப்பல் இல்லை, ஆளின் பதவி. அந்தப் பதவியில் இருப்பவர் அலுவலகத்தில் மேசையிலும் உட்கார்ந்திருக்கலாம்.

இனி வருபவை

எஃப்126 வந்தால் இதே வரிசையில் பாருங்கள். 166 மீட்டர், கிட்டத்தட்ட 10,000 டன், முன்னால் 16 குழிகள் இஎஸ்எஸ்எம்முக்கு, 127 மில்லிமீட்டர் பீரங்கி. முக்கியமானது பின்பகுதி, அங்கே மாற்றிப் பொருத்தும் பெட்டகங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்: நீர்மூழ்கித் தேடலுக்கு இழுவை சோனார் ஒரு பெட்டகம், பிடிபட்ட கடற்கொள்ளையரை அடைத்து வைக்க இன்னொரு பெட்டகம். எஃப்125-ல் பட்ட சூடுதான் இது, ஒரே வேலைக்கு என்று கட்டிவிட்டு உலகம் மாறிப்போனால் என்ன செய்வது என்ற பயம். 2020-ல் நெதர்லாந்தின் டாமன் நிறுவனத்தோடு ஒப்பந்தம், 2024 ஜூனில் ஜெர்மனியின் வோல்காஸ்ட் கப்பல் கட்டும் தளத்தில் முதல் கப்பலுக்கு அடிக்கட்டை வைத்தார்கள், அதன் பிறகு தாமதத்துக்கு மேல் தாமதம். எஃப்124-ன் இடத்துக்கு எஃப்127 என்று ஒன்று திட்டத்தில் இருக்கிறது, வான் பாதுகாப்புக்கு, 2030-களில்.

அதனால் எஃப்126-ன் படம் முதல்முறை கிடைக்கும்போது முன்தளத்தோடு நிறுத்திவிடாதீர்கள், பின்பக்கம் திறந்திருக்கிறதா, அங்கே இழுவை சோனார் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றியிருந்தால் அந்தப் பயணம் நீர்மூழ்கியைத் தேடி. இல்லாவிட்டால் அந்த முறை வேறு ஏதோ வேலை.